எந்தக் குடும்பம் என்று கேட்டார்கள்

படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருப்பவர்களிடம் அந்தப் படிப்பைப் பற்றித் தப்பித்தவறிக்கூட ஒரு கேள்வி கேட்டுவிடாதீர்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்கில் ஏங்கிக் கிடப்பவர்கள் அவர்கள். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். நான் நிறுத்தவில்லை. ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

நான் விலங்கியல் பட்டதாரி. ஊர் கோவில்பட்டிப் பக்கம். பாம்புகளின் வகைப்பாட்டில், அதாவது எந்தப் பாம்பு எந்தக் குடும்பம் என்று பிரிப்பதில், வகுப்பிலேயே முதல் மார்க். (மற்றவர்கள் எல்லாரும் அந்தக் கேள்வியைச் சாய்ஸில் விட்டுவிட்டார்கள் என்பதை வீட்டில் சொல்லவில்லை.) அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், கார்க் கதவுக்கு வைக்கிற ரப்பர் பட்டையில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லைனில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்கும். கத்திக் கத்தி, நான் அறையில் "உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டால் தெருமுனை டீக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற அளவுக்குக் குரல் வளர்ந்திருந்தது.

குடியிருந்தது பென்னலூரில், தேவகி அக்கா வீட்டுப் பின்பக்க அறை. அக்கா வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டினார். ஒரே மகள் ரேவதி. நான் வந்த புதிதில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, ஹாஸ்டலுக்கே மாறிவிடுகிறேன் என்று அழுதேன். அக்கா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஹாஸ்டலும் வாணா, ஒண்ணும் வாணா. இங்கியே கெட" என்றார். கிடந்தேன். வாடகை கொடுத்தேன் என்றுதான் பெயர். சாப்பிட்டதெல்லாம் அவர்கள் அடுப்பில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேவதியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுங்குவார்சத்திரம். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர், வளர்த்தது அத்தை. அத்தை சொல்வதுதான் அந்த வீட்டில் கடைசிப் பேச்சு.

"அந்தம்மா மூஞ்சி சுளிச்சா முடிஞ்சிது" என்றார் அக்கா. "நீ கேசரிய தட்டுல வெச்சி குடு. அதோட வேல முடிஞ்சிது. வேற இன்னாவும் பேசாத, புரிதா?"

புரிந்தது. கேசரியைக் கொடுத்தேன். எதுவும் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அடக்கமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

பிறகு டம்ளர் கழுவுவதற்காக அக்காவும் நானும் பின்பக்கம் போனோம். முந்தின நாள் நல்ல மழை. தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு வால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "பாம்பு! அந்தக் கட்டைய எடு."

"அடிக்காதீங்கக்கா! உடம்புல கட்டம் கட்டமா இருக்கு, பாருங்க. தண்ணிப்பாம்புதான்."

"தண்ணிப்பாம்பா?" அக்கா கிசுகிசுத்தார். "இது இன்னா வகைல சேத்தி?"

கேட்டுவிட்டார். கல்லூரியை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அக்கா கேட்டது, கடித்தால் ஆள் சாவானா மாட்டானா என்பதைத்தான். அது எனக்கு உறைக்கவில்லை.

"அது பெரிய குடும்பம்க்கா!" என்று ஆரம்பித்தேன். "ஒண்ணுக்கொண்ணு ஒட்டு உறவே இல்லாததையெல்லாம் உள்ள சேத்து வச்சிருக்காங்க!"

"மெதுவா பேசுடீ."

"வேற எந்தக் குடும்பத்துலயும் சேராததை எல்லாம் இதுல தள்ளிவிட்டுட்டாங்கக்கா! முன்னாடி பல்லைப் பாத்துச் சேத்தாங்க. இப்ப டிஎன்ஏ எடுத்துப் பாத்தா, பாதி அந்தக் குடும்பமே கெடையாதுங்காங்க!"

"ஐய, வாய மூடு."

"பயப்படாதீங்க, முக்காவாசிக்கு விஷம் கெடையாது! ஒண்ணு ரெண்டுதான் பின்பல்லுல விஷத்த வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கும்!"

அப்போதுதான் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை என்பதைக் கவனித்தேன். ஸ்பூன் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

நடந்ததைப் பிறகு ரேவதி சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குச் சற்று முன்னால்தான் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்களுது பெரிய குடும்பம். சொந்தபந்தம் ஜாஸ்தி" என்று ஆரம்பித்திருக்கிறார். மிச்சத்தைப் பின்பக்கத்திலிருந்து நான் சொல்லி முடித்திருக்கிறேன்.

"யாரு அது," என்று அத்தையின் குரல் வந்தது, "எங்க குடும்பத்த பத்தி பேசிக்கினு கீறது?"

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அழப்போகிற முகம் அது. நானே சரிசெய்துவிடுகிறேன் என்று கூடத்துக்கு ஓடினேன். (யாரும் போகச் சொல்லவில்லை.)

"அம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நான் உங்களச் சொல்லல. பாம்பத்தான் சொன்னேன்."

"இன்னா? எங்கள பாம்புன்றியா?"

"ஐயோ, இல்லம்மா! கொலுப்ரிடே குடும்பத்தச் சொன்னேன்." புத்தகத்தில் அந்தப் பாம்புக் குடும்பத்துக்கு அதுதான் பெயர்.

"கொலு வெக்கிற குடும்பமா? நாங்க கொலு வெக்கறதில்ல" என்றார் அத்தை. எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "டேய் சீனு, எழுந்திரு. போலாம்."

மாப்பிள்ளை சீனு கேசரித் தட்டோடு பாதி எழுந்து, ரேவதி இருந்த அறையின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். அந்த நேரத்தில் எனக்காகச் சாட்சி சொல்ல ஒரு ஜீவன் வந்தது. டிரம்மை அக்கா நகர்த்தியிருப்பார் போல. பின்வாசல் வழியாகத் தண்ணீர்ப் பாம்பு வளைந்து வளைந்து நேராகக் கூடத்துக்குள் வந்தது.

எல்லாருக்கும் முன்னால் கட்டில்மேல் ஏறியது விலங்கியல் பட்டதாரிதான். கல்லூரி லேப் பாட்டிலுக்கு வெளியே நான் பாம்பைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதற்கு விஷமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கால்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் அத்தை ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். சீனு ஏறிய பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலையும் நான்கு பக்கம் பரப்பியது, கேசரி பறந்தது.

திரையை விலக்கிக்கொண்டு ரேவதி வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. தரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். சுவரோரமாகப் போய் வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"யாரும் கிட்ட போவாதீங்க. கத்தாதீங்க. வழி வுட்டா அதுவே பூடும்."

அது சுவரோரமாக ஊர்ந்து, வாசல் செருப்புகளையெல்லாம் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வயல் பக்கம் போயிற்று.

கொஞ்ச நேரம் யாரும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அத்தை என் தோளை விடாமலே கேட்டார்: "இது அந்தக் குடும்பந்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பரீட்சை எழுதிய பழக்கம் போகவில்லை. "அதுலதாம்மா ரெண்டு கட்சி. பெரிய குடும்பத்துலயே ஒரு கிளைன்னு சிலபேரு சொல்லுதாங்க. இல்ல, அது தனிக் குடும்பமாப் போயிருச்சுன்னு சிலபேரு சொல்லுதாங்க."

அத்தை யோசித்தார். "அப்ப தனிக்குடித்தனம் பூட்ச்சின்னு சொல்லு."

முதலில் சிரித்தது, உடைந்த நாற்காலியோடு தரையில் கிடந்த சீனு. ரேவதி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் அத்தையும், கட்டில் ஆடும்படி சிரித்தார். இறங்கியதும் ரேவதியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு ஒண்ணுதான் இந்த வூட்ல நெதானமா கீது" என்றார். எங்கள் எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

அவர்கள் போனதும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். அக்கா வந்து அறை வாசலில் நின்றார்.

"இன்னாடி பண்ற?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே போயிருதேன்க்கா."

"கேசரி தரையெல்லாம் கீது. அத தொடைக்காம எங்க போற?" என்று துணியை என் கையில் திணித்தார். தரையைத் துடைத்துக்கொண்டே நான் அழுதது அவருக்குத் தெரியாது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரேவதிக்கும் சீனுவுக்கும் கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் காது குத்தினார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். ரேவதிக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. யார் யாரோ முன்வந்தார்கள். அத்தை அவர்களையெல்லாம் கையமர்த்திவிட்டு என்னை உட்காரச் சொல்லி, குழந்தையை என் மடியில் வைத்தார்.

"இது யாரு? உங்களுக்கு இன்னா மொற வேணும்?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார்.

"எந்த மொறைலயும் வராது" என்றார் அத்தை. "எங்கியும் சேராததெல்லாம் சேத்துக்கிற குடும்பம் ஒண்ணு கீது. கொலுப்ரிடேன்னு பேரு. நாங்க அதான்."

அந்தப் பெயர் என்மேலேயே ஒட்டிக்கொண்டது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தில் யார் யார் என்று குழந்தையைச் சொல்லச் சொன்னார்களாம். அப்பா, அம்மா, ஆயா, கொலுப்ரி என்றிருக்கிறாள். டீச்சர் அது யாரென்று விசாரித்துவிட்டு, "சித்தின்னு சொல்லணும்மா" என்று திருத்தியிருக்கிறார்.

"இல்ல மிஸ்," என்றாளாம் குழந்தை. "சித்தி எல்லார் வூட்லயும் இருப்பாங்க. கொலுப்ரி எங்க வூட்ல மட்டுந்தான்."