குடையை மடக்கும்மா

வெயிலைத் திட்டாத ஆள் பாளையங்கோட்டையில் கிடையாது. ஆனால் அந்த வெயிலிலேயே குறை கண்டுபிடித்து, டைப் அடித்து, பைண்டு போட்டு, நாலு பிரதி எடுத்துக் கொடுத்தவள் நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் நடுவில், எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரு கல்லூரியில் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. கோடை விடுமுறையில் கல்லூரி மொட்டைமாடியில் மூன்று சூரியப் பலகைகளை இடைவெளி விட்டுப் பரப்பியிருந்தார்கள். ஒன்று, ஒரே படிகத்திலிருந்து வெட்டிய கறுப்புச் சில்லுகள். இரண்டாவது, பல படிகம் சேர்ந்த நீலச் சில்லுகள். மூன்றாவது, கண்ணாடியில் மெல்லிசாகப் பூச்சுப் பூசிய காப்பிக் கலர் பலகை. எது எவ்வளவு மின்சாரம் தரும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது.

"அதெல்லாம் குளுகுளு ரூம்ல வச்சுப் பாத்த கணக்கும்மா. நம்ம ஊரு வெயில்ல எது தாங்குதுன்னு பாக்கணும்" என்றார் என் பேராசிரியர்.

சூடு ஏற ஏறப் பலகை சோர்ந்துபோகும். எது அதிகமாகச் சோர்கிறது என்று கண்டுபிடிக்க, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமையுமா என்று கேட்டேன். "சூரியன் லீவு போடுதா?" என்று கேட்டுவிட்டு, அவர் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டார்.

அறிக்கை நன்றாக அமைந்தால் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இல்லையென்றால் சாத்தான்குளத்துக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அங்கே அப்பா ஜாதகக் கட்டோடு தயாராக இருந்தார்.

விடுதியில் நான் மட்டும். மெஸ்ஸை மூடிவிட்டார்கள். காலையில் வாட்ச்மேன் அண்ணாச்சி மாடிக் கதவைத் திறந்துவிடுவார். "என்னத்தப் பாக்க தாயி? வெயிலு தான, எங்கயும் போயிராது" என்பார். அன்றைய பேச்சு அதோடு சரி. நாலாம் நாள் வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வந்தது. (யாரிடம் பேசினேன் என்று கேட்காதீர்கள். காப்பிக் கலர் பலகையிடம்.)

மூன்று பலகைக்குமான மீட்டர்களை ஒரே ஸ்டூலில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்திருந்தார் பேராசிரியர். அங்கே உட்கார்ந்தால் தொட்டியின் பாசி படிந்த சுவர் தெரியும், வேறொன்றும் தெரியாது. மாடியின் கிழக்கு ஓரத்தில் நின்றால் காம்பவுண்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப் தெரியும். அங்கே எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஐந்தாம் நாள் ஸ்டூலைப் பைய நகர்த்தி, கறுப்புப் பலகையைத் தாண்டி, கிழக்கு ஓரமாகப் போட்டேன். வயர் நீளமாகத்தான் இருந்தது. அங்கன வெயில் மண்டையைப் பிளந்ததால், அப்பா கொடுத்துவிட்ட பெரிய கறுப்புக் குடையையும் எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எனக்கு ஊரே கிடைத்த மாதிரி இருந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தினமும் பத்து மணிக்கு வந்து, பொட்டலத்தைப் பிரித்து நிலக்கடலை தின்பார். இரண்டு ஆபீஸ்காரப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டே வந்து, பஸ் வந்ததும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போவார்கள். ஒருநாள் காக்கிச் சட்டை வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையே மீட்டர் ஒரு விசித்திரம் காட்டியது. காப்பிக் கலர் பலகை உச்சி வெயிலிலும் அதிகம் சோரவில்லை. ஆனால் மூன்றிலும் விலை கூடிய கறுப்புப் பலகை, காலையில் பாதி மின்சாரம்கூடத் தரவில்லை. மதியத்துக்கு மேல் தானாகவே தேறிக்கொண்டது. விடுவேனா? அதற்குக் 'காலை மந்தம்' என்று பெயர் வைத்து, காரணம் காலை நேர ஈரப்பதம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். (மே மாதம். பாளையங்கோட்டை. நனைத்த கைக்குட்டை முகத்துக்கு வருவதற்குள் காய்ந்துவிடும்.)

நாற்பதாம் நாள் பேராசிரியர் வந்தார். கூடவே சென்னையிலிருந்து மூன்று நிபுணர்கள். அறிக்கையைப் புரட்டிய ஒருவர், "காலை மந்தமா? பத்து மணி ஆகப்போகுது, வாங்க, மாடியிலேயே பாத்துடலாம்" என்றார்.

நான் பெருமையோடு முன்னால் போய், வழக்கமான இடத்தில் குடையை விரித்து நின்றேன். "பாருங்க சார், எப்பிடிப் படுத்துக் கெடக்குது."

பேராசிரியர் மீட்டரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"குடையை மடக்கும்மா."

மடக்கினேன். மீட்டர் எழுந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். இன்னும் ஏறியது.

"பழைய இடத்துலயே நின்னு விரி."

விரித்தேன். விழுந்தது. சென்னைக்காரருக்குச் சந்தேகம் தீரவில்லை போல. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஆறேழு முறை மடக்கி விரிக்கவைத்தார். சில்லுகளைச் சங்கிலியாகக் கோத்திருப்பதால் ஒன்றிரண்டில் நிழல் விழுந்தாலே மொத்தமும் தேங்கிவிடும் என்பது நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். காலையில் கிழக்கே இருந்து வரும் வெயிலை நானே குடைபிடித்து மறித்திருக்கிறேன், முப்பத்தைந்து நாள்.

"தொட்டி நிழல்ல வச்சத ஏம்மா இங்கன கொண்டுவந்த?" என்று கேட்டார் பேராசிரியர்.

"காத்து வருது சார்" என்றேன். அன்றைக்குப் பார்த்து ஒரு இலைகூட அசையவில்லை. அவர் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் காக்கிச் சட்டை பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் அறிக்கையை வாங்கி மூடினார். ஆராய்ச்சி இடத்தைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள் பெட்டியோடு அதே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். காக்கிச் சட்டை நகர்ந்து இடம் கொடுத்தார். முப்பத்தைந்து நாளாகப் பழகிய முகம். அவருக்கு என்னை யாரென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதிலிருந்து டி.வி.யை மறைத்து நின்றால், கரண்டு போனால், குழம்பு கொதிக்கத் தாமதமானால், எல்லாவற்றுக்கும் "குடையை மடக்கும்மா"தான். என் மகன் அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாகப் பேசப் படித்தது அதைத்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் போய் நாலு வருஷமாகிறது. மகன் பெங்களூரில் இருக்கிறான். போன வருஷம் வந்தபோது மாடியில் சூரியப் பலகை மாட்டிவிட்டுப் போனான். எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று அவன் போனிலேயே கோடாகத் தெரியுமாம். ஒருநாள் காலையில் வடகம் காயப்போட மாடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அம்மா, கோடு பள்ளமா விழுது. மாடியில நிக்கியா? குடையை மடக்கும்மா." சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா, முட்டுவலி எப்படி என்று பத்து நிமிஷம் பேசினான்.

இப்போதெல்லாம் வடகம் இல்லாத நாளிலும் குடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன். பலகைக்குக் கிழக்கே எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? போன் வந்ததும், "இந்தா மடக்குதேன்டா" என்பேன். மடக்க மாட்டேன். மடக்கினால் வைத்துவிடுவான்.