மூன்றாம் வகுப்பு வைத்த கண்

தலைமையாசிரியர் பாதிக் கண்ணைத் திறந்தபோது ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நாலு முகங்கள் தெரிந்தன. எல்லாம் மூன்றாம் வகுப்புப் பெண்கள். கையில் பென்சிலும் அட்டையும் வேறு.

திறந்த பாதியை அவர் அப்படியே மூடிக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் சாய்ந்து உறங்குவது அவருடைய பல வருஷத்து ரகசியம். அறையைப் பெருக்க வரும் ஆயாம்மாவைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்றது ஒரு குரல்.

"பாத்துட்டேன். எழுதியும் வெச்சுட்டேன்," என்றது இன்னொன்று. இரட்டைச்சடை போட்ட பெண்ணின் குரல்.

முகங்கள் மறைந்தன. அவருடைய தூக்கமும் அவற்றோடு போயிற்று.

பள்ளியில் அது 'செய்து கற்கும் வாரம்'. பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டும் அளந்தும் தாங்களே கற்க வேண்டும். வெள்ளிக்கிழமை கண்காட்சி. அதைப் பார்க்கக் கல்வி அதிகாரியே வருகிறார். தலைமையாசிரியர் ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. இதே நாற்காலியிலிருந்து கௌரவமாக இறங்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையில்லை. கடைசி நேரத்தில் தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கி, ஏதோ ஒரு மூலைக்கு மாற்றலாகிப் போய், அங்கே ஒரு முக்காலியிலிருந்தா இறங்குவது?

மூன்றாம் வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டு அனுப்பினார். புதிதாக வந்தவர். எப்போதும் சிரித்த முகம். சிரித்த முகத்தைத் தலைமையாசிரியர் என்றைக்குமே நம்பியதில்லை.

"உங்க பசங்க எதைப் பத்தி டீச்சர் ஆராய்ச்சி பண்றாங்க?"

"இப்பவே சொல்லிட்டா கண்காட்சியில என்ன சார் இருக்கு?"

"இல்ல, ஆபீஸ் ரூம் பக்கமெல்லாம் வர்றாங்களேன்னு கேட்டேன்."

"நீங்கதானே சார் சுற்றறிக்கையில கையெழுத்துப் போட்டீங்க? எந்த ரூமுக்கு வேணும்னாலும் போகலாம், எதை வேணும்னாலும் தொட்டுப் பாக்கலாம்னு."

போட்டிருப்பார். மத்தியான வேளையில் நீட்டினால் அவர் எதில் வேண்டுமானாலும் போடுவார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் சார் சொல்லியிருக்கேன்," என்று ஆசிரியை மேலும் சிரித்தார். "அடுத்தவங்க சொன்னதை எழுதாதீங்க, முன்னாடியே தெரிஞ்சதையும் எழுதாதீங்க. கிட்டப் போய், கண்ணால பாத்து, சோதிச்சதை மட்டும் எழுதுங்க. அப்பதானே யாரும் மறுத்துப் பேச முடியாது?"

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. இது பாடமா, போலீஸ் விசாரணையா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது தடதடவென்று அடித்துக்கொண்டது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"ஒரு வாரம் தூங்காமத்தான் இருங்களேன்," என்றாள் மனைவி.

"பழகின உடம்பு. சோத்தைப் போட்டா கண்ணு சொருகுதே!"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பிள்ளைங்க வந்தா அசையாதீங்க. நீங்க ஏதாவது பண்ணினாத்தானே எழுதுவாங்க? ஆடாம அசங்காம உக்காந்திருங்க. எழுத ஒண்ணும் கிடைக்காம அதுங்களே போயிடும்."

பிரமாதமான யோசனையாகப் பட்டது.

மறுநாள் மேசை மேல் இரண்டு கிரீம் பிஸ்கட்டுகள் இருந்தன.

"ஆயாம்மா, இது ஏது?"

"மூணாங்கிளாஸ் பாப்பாங்க வெச்சிட்டுப் போச்சுங்க. நீங்க சாப்பிடுறீங்களான்னு பாக்கணுமாம்."

பொறி! பிள்ளைகளிடம் தின்பண்டம் பிடுங்கித் தின்கிறார் என்று எழுதப் பார்க்கிறார்கள். கிரீம் பிஸ்கட் என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் ஜன்னலில் முகங்கள் முளைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தொடவே இல்லடி," என்றது ஒரு குரல், ஏமாற்றமாக.

பிஸ்கட்டை எறும்புகள் தின்றன. தலைமையாசிரியர் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை அவர்கள் உள்ளேயே வந்துவிட்டார்கள். ஒருத்தி நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி, அவர் உச்சந்தலையிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டாள்.

"எவ்ளோ?"

"திங்கக்கிழமை சுவத்துல கோடு போட்டோம்ல, அதே அளவுதான். கொஞ்சம்கூட ஏறல."

நாற்காலிக்கு அளவெடுக்கிறார்கள்! அடுத்து வருகிறவருக்குச் சரியாக இருக்குமா என்று பார்க்கிறார்கள்! 'ஏய்!' என்று ஒரு அதட்டல் தொண்டை வரை வந்தது. அதட்டினால் அதையும் எழுதுவார்கள். விழுங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை எவ்வளவு முயன்றும் கண் சொருகிவிட்டது. மூக்குக்குக் கீழே ஏதோ சில்லென்று பட, விழித்துக்கொண்டார். முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி. பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுமே இல்ல. கண்ணாடி சுத்தமா இருக்கு."

உன் மூஞ்சியைக் கண்ணாடியில் பார் என்று குத்திக் காட்டுகிறார்கள்! அந்த ஆசிரியை சொல்லிக் கொடுக்காமல் இந்தப் பொடிசுகளுக்கு இவ்வளவு குசும்பு வருமா என்று அவர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் ஒரு கோழி இறகு நுழைந்து குடைந்தது. பல்லைக் கடித்தார். கால் விரல்களைச் செருப்புக்குள் சுருட்டிக்கொண்டார். இறகு அடுத்த காதுக்குப் போனது. அப்போதும் அவர் அசையவில்லை.

"போதும்டி, முடிவு தெரிஞ்சிடுச்சு," என்றாள் இரட்டைச்சடை. "பாவம், நல்ல சார்."

அந்தப் 'பாவம்' அன்று ராத்திரி அவரைத் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்தார். முதல் வகுப்பின் தொட்டிச் செடிகளைப் பாராட்டினார். இரண்டாம் வகுப்பு அட்டையில் செய்த தராசில் தன் பேனாவை நிறுத்துப் பார்த்தார். அடுத்தது மூன்றாம் வகுப்பு. பெரிய பலகை ஒன்றைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் நாலு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் சிரித்த முகம்.

"இங்க என்னம்மா ரகசியம்?" என்று அதிகாரி துணியைத் தொட்டார்.

தலைமையாசிரியருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பலகை சொல்லி அவமானப்படுவதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று பாய்ந்து துணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இதைத் திறக்க வேணாம். நானே சொல்லிடறேன். மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கிடுவேன். இன்னிக்கு நேத்து இல்ல, பல வருஷமா. பசங்க எழுதினது அத்தனையும் உண்மை. இந்த ஒரு வருஷம் மட்டும் என்னை இங்கயே விட்டுடுங்க!"

ஆசிரியையின் சிரிப்புகூட நின்றுவிட்டது.

"என்ன சார் சொல்றீங்க?" என்றார் அதிகாரி மெதுவாக. "உங்களைப் பத்தி எனக்கு ஒரு புகாரும் வரலையே? ரொம்ப சுறுசுறுப்பானவர்னுல்ல கேள்விப்பட்டேன்?"

தலைமையாசிரியர் பிடித்திருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

இரட்டைச்சடை பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆசிரியையின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், சார் சும்மா தூங்கத்தான் செஞ்சாராம்! அப்ப அவர் போட்டோவைக் கல்லு, பெஞ்சு பக்கத்துல இருந்து எடுத்து, 'உயிருள்ளவை'ல ஒட்டிடலாமா?"