அண்ணி பூட்டிய மெயின் சுவிட்ச்

வாசகரே, உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். தீர்ப்பு வழங்கும் சிரமம் உங்களுக்கு இல்லை. அதை ராஜகீழ்ப்பாக்கத்திலுள்ள எங்கள் அடுக்ககம் எப்போதோ வழங்கிவிட்டது. நான் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அன்று மாலை எங்கள் பொங்கல் விழா. வண்டி நிறுத்துமிடத்தில் மேடை, சீரியல் விளக்குகள், பட்டிமன்றம். இல்லறம் சிறக்கப் பெரிதும் துணை நிற்பது பேச்சா, மௌனமா என்பது தலைப்பு. பேச்சு அணிக்கு நான் தலைவன். (நான் வாங்கிய கோப்பைகளில் ஒன்றால் அம்மா அரிசி அளப்பது தனிக் கதை.) மௌன அணிக்குத் தலைவி என் அண்ணி. தொழிற்சாலை ஒன்றில் மின்பராமரிப்புப் பொறியாளர். மௌனத்தின் மேன்மையை மூச்சுவிடாமல் பேசக்கூடியவர். வெல்பவரைக் கூடுவாஞ்சேரியில் ஒரு பெரிய மேடையில் ஏற்றுவதாக நடுவர் வாக்களித்திருந்தார். அந்த மேடைக்காகப் பெற்ற தாயையே எதிர்த்துப் பேசியிருப்பேன், அண்ணி எம்மாத்திரம்?

விழா தொடங்குமுன் அண்ணி நடுவருக்குக் கேசரி கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். நான் குறித்துக்கொண்டேன்.

நான் பேசிக்கொண்டிருந்தபோது காவலாளி ஏழுமலை வந்து அண்ணியின் காதில் ஏதோ சொன்னார். அண்ணி எழுந்துபோய்த் தம் காரிலிருந்து, தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் பெரிய பையொன்றை எடுத்தார். பிறகு என்னை நோக்கி, 'நிறுத்து' என்று கையசைத்தார். எதிரணி கையசைத்ததும் பேச்சை நிறுத்துகிறவனா பேச்சாளன்? குரலை இன்னும் உயர்த்தினேன். "சொல் என்னும் விளக்கை எவராலும் அணைக்க முடியாது" என்று முழங்கினேன்.

எல்லா விளக்குகளும் அணைந்தன.

கூட்டம் சிரித்த சிரிப்பு தாம்பரம் வரை கேட்டிருக்கும். சதி என்று என் உள்ளம் உறுதி செய்தது. மேடையை விட்டிறங்கிக் கட்டடத்தின் பின்புறமிருந்த மீட்டர் அறைக்குப் பாய்ந்தேன். அங்கே கைபேசி வெளிச்சத்தில் ஏழுமலை காவல் நின்றார். மெயின் சுவிட்சின் கைப்பிடி கீழே இறக்கப்பட்டு, அதில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. பூட்டோடு ஓர் அட்டை: 'ஆள் வேலை செய்கிறார். போடாதீர்கள்.' கீழே அண்ணியின் பெயர். சதி செய்பவர் கையெழுத்தும் போட்டு வைப்பாரா என்ற கேள்வி எனக்கு எழவில்லை.

"சுவிட்சைப் போடுங்க" என்றேன்.

"தொடாத சார். பக்கத்து ரூம்ல மேடம் பேனலைத் தொறந்துகினு கீறாங்க."

"சாவி எங்கே?"

"அவங்க பாக்கெட்ல. பூட்னவங்கதான் தொறக்கணுமாம். வேற யார் கேட்டாலும் கெடையாதாம்."

"சரியாக நான் பேசும்போதுதான் பூட்டணுமா?"

"நீ பேசச்சொல்லோதான சார் கருகல் வாசன வந்துச்சு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பூட்டை எதிரணியாகக் கொண்டு உரையாற்றத் தொடங்கினேன். நடுவர் கேசரிக்கு விலைபோனவர் என்றேன். வீட்டில் அண்ணன் மௌனமாக இருப்பது இன்பத்தால் அல்ல, அச்சத்தால் என்றேன். என் குரல் கட்டடமெங்கும் எதிரொலித்தது. அது என் தொண்டையின் வளம் என்றே எண்ணினேன். முத்தாய்ப்பாகக் கைப்பிடியைப் பற்றி மேல்நோக்கி இழுத்தேன். பூட்டு அசையவில்லை. ஏழுமலை என் இடுப்பைக் கட்டிப்பிடித்து, "பேஜார் பண்ணாத சார், வா" என்று பின்னால் இழுத்தார்.

அப்போது அடுத்த அறையிலிருந்து கனத்த சாம்பல் நிற அங்கியும் முகத்தை மூடிய கண்ணாடிக் கவசமுமாக ஓர் உருவம் வந்தது. கவசம் உயர்ந்தது. உள்ளே அண்ணி.

"தம்பி, முதல்ல அந்த மைக்கை ஆஃப் பண்ணுங்க."

கையைப் பார்த்தேன். கம்பியில்லா மைக். வாடகைக்கு வந்திருந்த ஒலிபெருக்கியோ பேட்டரியில் ஓடுவது. விலைபோன நடுவரும், அஞ்சி வாழும் அண்ணனும், அடுக்ககம் முழுவதும் என் உரையைக் கேட்டு முடித்திருந்தார்கள்.

அண்ணி திட்டவில்லை. என்னை அழைத்துப்போய்ப் பேனலைக் காட்டினார். தளர்ந்த போல்ட் ஒன்று. அதைச் சுற்றிக் கேபிள் கரியாகியிருந்தது.

"சீரியல் லைட்டு லோடு தாங்கலை. கரண்ட் இருக்கறப்ப இதுல ஸ்பேனர் வெச்சு நழுவிச்சுன்னா, ஷாக்கெல்லாம் இல்ல தம்பி. வெடி. செம்பே ஆவியாகி முகத்துல அடிக்கும். அதான் ஆஃப் பண்ணி, பூட்டி, டெஸ்டர் வெச்சுப் பார்க்கற வரைக்கும் இந்த வேஷம்."

"அண்ணி, நான் இழுத்தப்போ நீங்க..."

"கை ரெண்டும் உள்ள இருந்துச்சு. ஸ்பேனரும்."

அந்தப் பூட்டு மட்டும் இல்லாவிட்டால் அண்ணனிடம் நான் எந்த வாயால் பேசியிருப்பேன்?

வேலை முடிந்ததும் அண்ணி தம் சாவியால் தாமே பூட்டைத் திறந்தார். விளக்குகள் எரிந்தன. நடுவர் மௌனமே சிறந்தது என்று தீர்ப்பளித்தார். காரணம் எதுவும் கூறவில்லை. (கேசரியின் பங்கு குறித்து எனக்கு இன்றும் ஐயம் உண்டு.)

இப்போது எங்கள் வீட்டில் பலகார டப்பாவுக்கும் ஒரு சிவப்புப் பூட்டு. பண்டிகை தோறும் அண்ணன் ஒரு கரண்டியை மைக்காக என் கையில் திணிப்பார். அன்று தீர்ப்புக்குப் பின் மேடையேறி நான் உரக்கச் சொன்னதை மீண்டும் சொன்னால்தான் அண்ணி சாவியை எடுப்பார்:

"அவையோரே, பிறர் போட்ட பூட்டை, போட்டவர் முழுதாக வெளியே வந்து தம் கையால் திறக்கும் வரை, நான் கையாலும் தொட மாட்டேன், வாயாலும் தொட மாட்டேன்."