வெறுந்தண்ணி மாத்திரை

சேர்வராயன் மலையில் நோய் என்று ஒன்று கிடையவே கிடையாது. காப்பியை நிறுத்தியவர்களுக்கு வருவதுதான் நோய். தலைச்சோலை காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சத்யராஜ் இதை அறிவித்தபோது, மே மாத வெயிலில் சால்வை போர்த்தியிருந்தார்.

அவர் மனைவி மேனகாவுக்குக் கர்ப்ப காலத்தில் தைராய்டு குறைவு. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் விழுங்கச் சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார்.

"எஸ்டேட்டுல பொறந்தவளுக்கு வெறுந்தண்ணியா? வெளிய சொன்னா சிரிப்பாங்க!"

ரைட்டர் தினமும் தன் கையாலேயே காப்பி கலந்து, மாத்திரையோடு நீட்டினார். அன்பாக நீட்டியதால் மேனகாவும் குடித்தாள்.

குழந்தை பிறந்தது. பால் போதவில்லை.

"பூண்டு!" என்றார் ரைட்டர். பூண்டுக் குழம்பு, பூண்டுப் பால், பூண்டு லேகியம். மேனகாவுக்கு இறங்கவில்லை. வீணாகக் கூடாதென்று ரைட்டரே தின்றார்.

"பால்சுறா!" என்றார். சேலத்திலிருந்து மீன் வாங்கி வந்தவரை, பஸ் கண்டக்டர் பையோடு கடைசி சீட்டுக்குத் துரத்தினார். சுறாப்புட்டு வாசனைக்கே மேனகா வாந்தியெடுத்தாள். அதையும் அவரே தின்றுவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கினார்.

"காப்பி பத்தல!" என்று இன்னும் திக்காகக் கலந்தார்.

"புள்ளைக்குக் கன்னம் ஒட்டிப்போச்சுங்க. உங்களுக்குத்தான் நொம்ப உப்புது" என்று மேனகா அழுதாள்.

கிளினிக்கில் நர்ஸ் சுதாராணி கேட்டாள்: "மாத்திரைய எதுல முழுங்குறீங்க?"

"காப்பியிலதானுங்க" என்றார் ரைட்டர் பெருமையாக. "நம்ம எஸ்டேட் சரக்கு!"

"அதாங்க வெனை! காப்பி மாத்திரைய உடம்புல சேர உடாது. தைராய்டு கொறஞ்சா பாலும் கொறையும். இனித் தண்ணியில போட்டுட்டு, ஒரு மணி நேரங் கழிச்சுக் காப்பி குடிங்க. பால் பத்துற வரைக்கும் புள்ளைக்கு டாக்டர் சொல்ற பவுடர் பாலும் குடுங்க. இப்ப ரத்தம் எடுக்கோணும்."

ஊசியைப் பார்த்ததும் மேனகா கையை இழுத்துக்கொண்டாள்.

"இதுக்கா பயம்? மொதல்ல எனக்கு எடுங்க. அதையும் டெஸ்ட்டு பண்ணுங்க. காப்பி குடிச்ச ரத்தம் எப்படியிருக்கும்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும்!" என்று ரைட்டர் கையை நீட்டினார்.

வெறுந்தண்ணி வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பால் ஊறியது. குழந்தைக்குக் கன்னம் வந்தது. எல்லாம் பால்சுறாவின் மகிமை என்று ரைட்டர் கொட்டச்சேடு வரை சொல்லிவிட்டு வந்தார்.

ஒருநாள் காலை மாமியார் பாப்பாத்தி ரைட்டருக்குக் காப்பி நீட்டினார்.

"அப்புறமா குடிக்கறனுங்க அத்தை. ஆறட்டும்." காலித் தண்ணீர் டம்ளரைச் சால்வைக்குள் தள்ளிக்கொண்டார் ரைட்டர்.

பாப்பாத்தி படுக்கையைச் சுருட்ட உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது:

"ஏங் கண்ணு மேனகா, உன்ற மாத்திர டப்பா அலமாரியில இருக்குது... அப்ப மாப்பிள்ளை தலகாணிக்கடியில இதே மாதிரி இருக்கறது ஆரோடது?"