அடுப்படி டாக்டரும் இரண்டு பானை மோரும்

நாடி பிடிப்பதற்கு முன்னால் குழம்புச் சட்டியைத் திறந்து பார்க்கிற டாக்டர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவரை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மந்தாரக்குப்பம் தெருவில் அந்த அம்மாவுக்குப் பேர் அடுப்படி டாக்டர். சொந்தப் பேர் ஒன்று இருந்தது. மருந்துச் சீட்டில் அவர் போடும் கையெழுத்தை வைத்து அதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிள்ளைகளே, அவர் டாக்டருக்குப் படித்து, அதற்கு மேல் குடும்ப டாக்டராகவும் படித்தவர். அப்படியும் ஆசை அடங்கவில்லை. டாக்டர்கள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத இடங்களில் வேலை செய்து பழகுவதற்கென்றே ஒரு மேல்படிப்பு இருக்கிறதாம். அதில் சேர்ந்து முதலில் ஒரு மலைக் கிராமம், பிறகு ஆப்பிரிக்காவில் ஒரு கிராமம், அதற்கடுத்து எங்கள் தெரு. "ஆப்பிரிக்காவுக்கு அடுத்தது நம்ம தெருதான்டா!" என்று எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் இருப்பதெல்லாம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற ஆட்கள்.

கிளினிக்கில் உட்கார வேண்டியவர் பாதி நாள் ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சுற்றுவார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரி ஒருநாள் கருவாட்டுக் குழம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அந்த அம்மா வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார்.

"குழம்பு ஏன்க்கா படுத்திருக்கு? அதுக்கும் காய்ச்சலா?"

இன்னொரு நாள் கேழ்வரகுக் களி. "ஆப்பிரிக்காவுலயும் இப்படித்தான் கிண்டுவாங்க, எனக்குத் தெரியும், குடுங்க" என்று துடுப்பை வாங்கினார். துடுப்பைச் சுற்றினால் பானையும் சேர்ந்து சுற்றியது. என் வீட்டுக்காரி கேட்டாள்: "அங்க பானைய யாருங்க புடிச்சிக்கினு இருந்தாங்க?"

இப்படி இருக்கையில் என் மச்சான் குமரேசனுக்குப் பிரஷர் எகிறியது. மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். என்னோடு ஒரே கேங்கில் வேலை. கான்ட்ராக்ட் புதுப்பிக்க உடம்பைச் சோதிக்கிற மெடிக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பிரஷர் இறங்காவிட்டால் சுரங்கத்துக்குள் போக கேட் பாஸ் கிடையாது. கேட் பாஸ் இல்லையென்றால் வீட்டில் அடுப்பே எரியாது, அப்புறம் அடுப்படி டாக்டருக்கு என்ன வேலை?

மறுநாளே ஸ்கூட்டர் மச்சான் வீட்டு வாசலில் நின்றது. எங்கள் தெருவுக்கு இது பழகிப்போனது, ஆனால் ஊர்ப்பக்கம் டாக்டர் வீட்டுக்கே வருகிறார் என்றால் ஒரே அர்த்தம்தான்: கடைசி நேரம். பக்கத்து வீட்டுக்காரர் உடனே மச்சானின் சொந்த ஊர் காடாம்புலியூருக்கு, டாக்டர் வீட்டுக்கே வந்திருக்கிறார் என்று போன் போட்டுவிட்டார். ஒரு லோடு ஆட்டோ நிறையச் சொந்தக்காரர்கள், பெரிய மாலையோடு, அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். மச்சான் களி தின்றுகொண்டிருந்தார்.

"ஏன்டா, துன்னுக்கினு இருக்க?" என்று மச்சானின் பெரியப்பா அதட்டினார்.

"பசிக்குதுப்பா."

"அப்ப இந்த மாலைய என்னடா பண்றது? வெல கொஞ்சமாவா?"

அடுப்படி டாக்டர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வந்தது வந்தீங்க, வரிசையா உக்காந்து கைய நீட்டுங்க" என்று அத்தனை பேருக்கும் பிரஷர் பார்த்தார். வந்ததிலேயே அதிகம் பெரியப்பாவுக்குத்தான். மாலை வீணாக வேண்டாமென்று டாக்டர் தன் ஸ்கூட்டருக்கே போட்டுக்கொண்டு கிளம்பினார். தெரு கைதட்டியது.

அன்றிலிருந்து டாக்டர் சொன்னபடி மச்சான் வீட்டில் உப்பு பாதியாகிவிட்டது. ஒவ்வொரு கவளத்துக்கும் மச்சான் சாமியைக் கூப்பிட்டார். மாத்திரையும் தவறவில்லை. ஆனால் பிரஷர் இறங்கவே இல்லை. மெடிக்கலோ அடுத்த வாரம். மச்சானின் வீட்டுக்காரி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். டாக்டர் குழம்பை நக்கிப் பார்த்தார், மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் உச்சி வெயில். கேட்டுக்கு வெளியே எங்கள் கான்ட்ராக்டர் ஷெட்டில் மோர்ப் பானையைச் சுற்றி நின்றிருந்தோம். மச்சான் மோரில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு நாலாவது டம்ளரை அண்ணாந்து ஊற்றினார். குனிந்தால் எதிரே ஸ்கூட்டர்.

"குமரேசண்ணே! என்னது இது?"

மச்சான் கொஞ்சமும் பதறவில்லை. "இது டூட்டிங்க."

"டூட்டின்னா?"

"வூட்டுச் சாப்பாட்டுலதானே உப்ப கொறைக்கச் சொன்னீங்க? அதத்தான் கொறச்சிக்கினு இருக்கேனே. இது கான்ட்ராக்டர் மோருங்க. டூட்டியில குடிக்கிறது வூட்டுக் கணக்குல வராதுங்க."

நாங்களும் ஆமாம் என்று தலையாட்டினோம். நியாயம்தானே?

அந்த அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "ஆப்பிரிக்கா வரைக்கும் போய் படிச்சேன். ஆனா அடுப்படியிலேயே நின்னுட்டேன், ஷெட்டுக்கு வரல பாருங்க!"

அன்றைக்கே டாக்டர் ஏற்பாட்டில் இரண்டாவது பானை வந்தது. இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் உண்டு, உப்பு இல்லை. "யாருடா குடிப்பான் இத, கழனித்தண்ணியாட்டம்?" என்று கேங்க் முழுக்கக் கிண்டல். டாக்டர் விடவில்லை. அந்த வாரம் பூராவும் தினம் மத்தியானம் வந்து, மச்சானுக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர் என்று எதிரே உட்கார்ந்து குடித்தார். அவர் முகம் போன கோணலைப் பார்ப்பதற்காகவே மச்சானும் குடித்தார்.

மெடிக்கல் அன்று அக்கா, நான், டாக்டர் மூன்று பேரும் வெளியே காத்திருந்தோம். மச்சான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் வந்ததும் ஒரே கத்து:

"பாஸுடி! போயி நல்லா உப்பு போட்டு மீன் கொழம்பு வையி!"

"குமரேசண்ணே…" என்றார் பின்னாலிருந்து டாக்டர். மச்சான் கைகட்டி நின்றார். "மோரு குடிக்கலாமுன்னு சொல்ல வந்தேங்க."

படிப்பு முடியும்போது அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து, "இங்க என்னம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். இவர் ஒரு டம்ளர் உப்பில்லாத மோரை நீட்டினார். பெரிய டாக்டரும் குடித்தார், பாவம். பாஸ் போட்டுவிட்டார்.

இப்போது எந்த மலையில், எவர் வீட்டுச் சட்டியைத் திறந்துகொண்டிருக்கிறாரோ. ஷெட்டில் இன்றைக்கும் இரண்டு பானைதான். எங்கள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரி இப்போது குழம்பை ஒளிப்பதில்லை. ஓடிப்போய் மூடியைத் திறந்து வைக்கிறாள். வந்தவர் வேறு யாரோ என்று தெரிந்த பிறகும், அந்த மூடி கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும்.