பாலனின் கழுத்து

எதைச் செய்ய வேண்டும் என்று செய்துகாட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை. எதைச் செய்யக்கூடாது என்று செய்துகாட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்த உண்மையை நான் ஒரு முழு ஊருக்கும் முன்னால் நின்று கண்டுபிடித்தேன். அப்போது என் இடக்கையில் ஒரு தலை இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. முல்லைத்தீவுக்குத் தெற்கே, கடற்கரையோரத்தில் ஒரு சிறிய அரசாங்க ஆசுப்பத்திரிக்குத் தாதியாக அனுப்பப்பட்டிருந்தேன். வைத்தியர் வாரத்தில் ஒரு நாள் முல்லைத்தீவிலிருந்து வருவார். மற்ற நாட்களில் நான், ஒரு கூட்டுகிற பெண், சில கட்டில்கள், கடல் இரைச்சல். ஊரில் எல்லோரும் கத்தோலிக்க மீனவர்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவு. நான் யாழ்ப்பாணத்துச் சைவப் பெண். அங்கே யாருக்கும் நான் எந்த உறவும் இல்லை. மீன் வாசனையிலேயே வாழும் ஊரில் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்துத் தனியே சாப்பிட்டேன். தாதிக்கு அங்கே 'மிஸி' என்று பெயர். வழியில் கண்டால், "என்ன மிஸி?" என்பார்கள். நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் போய்விடுவார்கள். பின்னேரங்களில் விடுதிச் சுவருடன் கதைக்கத் தொடங்கியிருந்தேன். (சுவர் நல்ல மரியாதையான ஆள். குறுக்கே பேசாது.)

இந்த நிலையில்தான் ஒரு குறுகிய பயிற்சிக்கு என்னைக் கொழும்புக்கு அழைத்தார்கள். பிறந்தும் மூச்செடுக்காத சிசுக்களுக்கும், மூச்சுத் திணறும் பிள்ளைகளுக்கும் வெளியிலிருந்து காற்றுக் கொடுப்பது எப்படி என்பதே பாடம். முதல் நாள் ஒரு பெரிய இரும்பு இயந்திரத்தைக் காட்டினார்கள். பிள்ளையின் உடம்பு உள்ளே, தலை மட்டும் வெளியே. மின்சாரம் மூச்சு விடவைக்கும். எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை என்று சொன்னேன். பாடம் எடுத்த வைத்தியர் என்னை இரக்கத்துடன் பார்த்துவிட்டு, ஒரு ரப்பர் பையையும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு முகமூடியையும் தந்தார். முகமூடியைச் சிசுவின் மூக்கும் வாயும் மூடப் பிடித்துப் பையை விரல் நுனியால் அமுக்க வேண்டும். நெஞ்சு எழும்பினால் காற்றுப் போகிறது. எல்லாவற்றிலும் முக்கியம் கழுத்து. பெரியவர்களுக்குச் செய்வதுபோல் தலையைப் பின்னால் மடக்கினால், சிசுவின் மூச்சுக்குழாய் பப்பாசித் தண்டுபோல மடங்கிவிடும். எவ்வளவு அமுக்கினாலும் காற்று இறங்காது.

நான் நன்றாகப் பழகினேன். கெட்டிக்காரி என்றார்கள். அந்தச் சொல்லையும் பையையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

ஊரில் ஒரு சிக்கல் இருந்தது. பை ஆசுப்பத்திரியில் இருந்தது. பிள்ளைகள் வீடுகளில் பிறந்தன. பெண்கள் என்னிடம் பிரசவத்துக்கு வருவதில்லை. மூச்செடுக்காத சிசுவைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் கதைக்க மாட்டார்கள். அவர்கள் நம்பி வந்தால்தான் பைக்கு வேலை. ஆகவே எல்லோருக்கும் ஒருமுறை செய்துகாட்டுவது என்று தீர்மானித்தேன். அதற்குச் சிசு அளவில் ஒரு பொம்மை வேண்டும். ஊரில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கோயில் அலுமாரியில், கிறிஸ்து பிறக்கும் நத்தாருக்காகக் காத்துக் கிடந்த பாலன் யேசு.

கோயிலின் பங்குத் தந்தையான சுவாமியாரிடம் போனேன்.

"சுவாமி, குடிலிலை வைக்கிற பாலனை ஒரு பின்னேரம் தருவியளோ?"

அவர் தாடியைத் தடவினார். "பாலனுக்கோ மூச்சுக் குடுக்கப் போறாய்? அவர்தான் பிள்ளை எங்களுக்கெல்லாம் மூச்சுக் குடுக்கிறவர்."

"ஒருக்கா நாங்களும் குடுப்பம், சுவாமி."

(இதை மிகச் சாதுரியமான பதில் என்று அன்று நினைத்தேன்.)

சுவாமியார் சிரித்துச் சம்மதித்தார். ஞாயிறு பூசையில் அறிவித்தும் விட்டார். நான் எதிர்பார்த்தது நாலைந்து கர்ப்பிணிகளை. ஆனால், பாலன் கோயிலை விட்டு வெளியே வந்தால் தனியே வருவதில்லை என்பது எனக்குத் தெரியாது. குறித்த நாள் பின்னேரம் தூரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். சுற்றுப்பிரகார ஊர்வலம் ஒன்று வந்துகொண்டிருந்தது. முன்னால் மெழுகுதிரிகள், நடுவில் குடை, குடைக்குக் கீழே பட்டுத் தலையணையில் பாலன், பின்னால் ஊர். கடலுக்குப் போகாத ஆண்கள்கூட வந்திருந்தார்கள்.

பாலனை மேசையில் கிடத்தினார்கள். சாந்தால் செய்து வண்ணம் பூசிய, கன்னம் சிவந்த பிள்ளை. இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தது. கூட்டத்தின் முன்வரிசையில் இடுப்பில் கைவைத்தபடி திரேசம்மா நின்றாள். கரையில் மீன் விலை பேசுகிறவள். அவள் வாய்க்கு வியாபாரிகளே பயப்படுவார்கள். பக்கத்தில் அவளுடைய மகள் பிலோமினா, தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு.

"மிஸி, பாலனுக்கு மூச்சு வராட்டி எங்களைச் சொல்லாதேங்கோ!" என்றாள் திரேசம்மா.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்த ஊரில் இத்தனை பேர் என் முகத்தைப் பார்த்து நின்றது அதுவே முதல் தடவை. குரலை உயர்த்தினேன். முகமூடியைக் காட்டினேன். பையைக் காட்டினேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

"எல்லாத்தையும்விட முக்கியம் கழுத்து," என்றேன். "வடிவாப் பாருங்கோ. இப்பிடிப் பின்னுக்கு மடக்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே மடக்கினேன்.

சாந்தில் செய்த கழுத்து மடங்காது என்பது ஒரு சிறு பிள்ளைக்கும் தெரியும். கெட்டிக்காரிக்குத் தெரியவில்லை. மடங்காததைக் கண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

'டக்' என்றது.

உடம்பு மேசையில் கைகளை விரித்துக் கிடந்தது. தலை என் கையிலிருந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. எங்கோ பின்னாலிருந்து ஒரு குரல், "யேசு மரி சூசை!" என்றது. ஒரு பையன் சிரித்தான்; அவனுக்கு அடி விழும் சத்தமும் கேட்டது. சுவாமியார் கண்களை மூடிக்கொண்டார். செபித்தாரா, சிரிப்பை அடக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரேசம்மாதான் கடைசியில் வாய் திறந்தாள். "மிஸி சொன்னது சரிதான். அப்பிடிச் செய்யக் கூடாது."

சுற்றுப்பிரகாரம் பாட்டில்லாமல் திரும்பிப் போனது. உடம்பு தலையணையில், தலை சுவாமியாரின் கைலேஞ்சித் துணியில்.

அதன்பிறகு ஊர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசுவதற்காவது யாரேனும் வந்திருப்பார்கள். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும்கூட ஆட்கள் வைத்தியர் வரும் நாள் பார்த்தே வந்தார்கள். "என்ன மிஸி?" என்ற அந்த இரண்டு சொல்லும் நின்றுபோயின. பையைத் துடைத்து வைத்தேன். மறுநாளும் துடைத்தேன். தலையணையை மடித்துப் பிள்ளையாக்கி அதற்குக் காற்றுக் கொடுத்துப் பழகினேன். தலையணைக்குக் கழுத்து இல்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

நத்தார் நெருங்க, சுவாமியார் ஒரு பிஸ்கற் தகரப் பேணியுடன் வந்தார். உள்ளே தலை.

"கொழும்புக்கு அனுப்பினால் நத்தாருக்கு வந்து சேராது, பிள்ளை."

"கை கால் முறிஞ்சால் போடுற மாவுக்கட்டு இருக்குது, சுவாமி. நான் போட்டுத் தாறன்."

"ஓம், போடு. உன்ரை நோயாளிதானே."

போட்டேன். தொழில் சுத்தமாக, கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு. ஆனால் மா காயும்போது தலை சற்றுத் திரும்பிவிட்டது. முன்பு வானத்தைப் பார்த்த பாலன், குடிலில் கிடத்தியபோது பெண்கள் பக்கத்தைப் பார்த்தார். (ஆண்கள் பக்கத்தில் இதுபற்றிச் சில மாதம் மனத்தாங்கல் இருந்ததாகக் கேள்வி.) விடுமுறை கிடைக்காததால் நத்தார் காலைப் பூசைக்கு நானும் போய்க் கடைசி வாங்குப் பலகையில் அமர்ந்தேன். பாதத்தை முத்தமிட்டு முத்தி செய்ய வரிசையில் வந்த ஒவ்வொருவரும் முதலில் பாலனின் கழுத்தைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகுதான் முத்தி செய்தார்கள். வரிசை நீளமாக இருந்தது.

வருடம் பிறந்து சில நாட்களில், ஒரு மத்தியானம், மாட்டுவண்டி ஒன்று ஆசுப்பத்திரி வாசலில் நின்றது. பிலோமினா. முதல் நாளிலிருந்து வலி. வீட்டில் பிரசவம் பார்க்கிறவள் தன்னால் ஏலாது என்றுவிட்டாள். வேறு போக்கிடம் இருந்திருந்தால் திரேசம்மா அங்கே போயிருப்பாள். அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

"உங்களிட்டை விட்டால் ஆரிட்டைப் போறது," என்றாள். அது நம்பிக்கையாகச் சொன்னது அல்ல.

பிள்ளை பிறந்தது. ஆண். நீலம் பாரித்து, துவண்ட துணிபோலக் கிடந்தது. அழவில்லை. துடைத்தேன், வாயைச் சுத்தம் செய்தேன், முதுகை உரசினேன். அசைவில்லை. மேசையில் கிடத்திப் பையை எடுத்தேன். வாசலை நிறைத்து நின்ற பெண்கள் அதைக் கண்டதும் உள்ளே வந்துவிட்டார்கள். தடுக்க என்னிடம் கை இல்லை.

பிள்ளையின் தலையில் கைவைத்தேன். அவ்வளவுதான்.

"கழுத்து, மிஸி!" என்று அலறினாள் திரேசம்மா.

"கழுத்து! கழுத்து!" என்றார்கள் எல்லோரும்.

"மடக்காதேங்கோ!"

"கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ!"

"ஆ, அப்பிடி. இப்ப சரி. அமுக்குங்கோ!"

ஒருத்தி என் முழங்கையையே பிடித்துவிட்டாள். அமுக்கினேன். நெஞ்சு எழும்பவில்லை. முகமூடியைச் சரிசெய்து மறுபடி அமுக்கினேன். சிறிய நெஞ்சு எழுந்தது. இறங்கியது. எழுந்தது. கத்திக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். பையின் சத்தம் மட்டும் கேட்டது. உதடு சிவந்தது. பிறகு, பூனை ஒன்று எங்கோ அடைபட்டதுபோல ஒரு முனகல். பிறகு அழுகை.

திரேசம்மா நிலத்தில் அமர்ந்துவிட்டாள். "என்ரை மூத்தவன் இப்பிடித்தான் கிடந்தவன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை, மிஸி. ஒருத்தருக்கும் தெரியாது."

நான் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத் திரேசம்மாவின் பக்கத்தில் அமர்ந்தேன். சுவருடன் கதைத்தே பழகியவளுக்கு மனிதருடன் கதை மறந்திருந்தது. அவளே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மிஸி, சாப்பிட்டனியளோ?"

அந்த ஊரில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அதன்பிறகு வந்தார்கள். கட்டில் போதாத நாட்களும் உண்டு. ஆனால் அந்தக் கழுத்து என்னை விடவில்லை. நான் 'கழுத்து மிஸி' ஆகிவிட்டேன். முல்லைத்தீவு பஸ்ஸில், "கழுத்து மிஸி இறங்கப் போறா, நிப்பாட்டு!" என்று நடத்துனர் கத்துவார். வைத்தியர்கூட ஒருமுறை மறந்துபோய் அப்படி அழைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாற்றலாகிப் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. கதையை என் கணவர்தான் வீடு முழுக்கப் பரப்பினார். அவர் சொல்லும் கதையில் தலை உருண்டு வாசலைத் தாண்டும். நான் திருத்துவதில்லை. ஆனால் வீட்டில் நான் எந்தக் கைப்பிள்ளையைத் தூக்கப் போனாலும், குசினியிலிருந்தும் முற்றத்திலிருந்தும் எல்லோரும் ஒரே குரலில், "கழுத்து, மிஸி!" என்று கத்துவார்கள். விருந்தாளிகள் திடுக்கிடுவார்கள்.

என் கை எப்போதும் சரியான இடத்தில்தான் இருக்கும். இருந்தாலும், அவர்கள் கத்தும்வரை நான் பிள்ளையைத் தூக்குவதில்லை.