மடியில் மருமகள், காதில் கால்பந்து

இரண்டு கால்கள் நன்றாக இருந்தும் பந்தை உதைக்காமல், உதைப்பவர்களுக்கெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசனை சொல்லி, அவர்கள் தோற்றுப்போனால் தான் சாப்பிடாமல் கிடக்கும் ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. கால்பந்து ரசிகர் என்பது அதன் பொதுப்பெயர். வீட்டில் வேறு பெயர்கள் உண்டு. அவற்றை அச்சில் போட முடியாது.

இவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நிமிடம் பேச விடுங்கள், போதும். "நேத்து நாம கொஞ்சம் அசந்துட்டோம்" என்பார். யார் இந்த 'நாம'? நீங்களும் அவருமா? இல்லவே இல்லை. பாஸ்போர்ட்டே எடுக்காத இவரும், இப்படி ஒருவர் இருப்பதே தெரியாமல் எங்கோ கடலுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும் பதினோரு பேரும் சேர்ந்ததுதான் அந்த 'நாம'. கட்டிய மனைவியைப் பற்றிப் பேசும்போது கூட "அவ ரேஷன் கடைக்குப் போனா" என்று தனியாக அனுப்பிவிடுகிற மனிதர், பந்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் கூட்டுக் குடும்பமாகிவிடுவார்.

இன்னொரு அடையாளமும் உண்டு. "நான் எதையும் ஒரு அளவோடதாங்க பாக்கறேன், வெறும் வெளையாட்டுதானே" என்று அடிக்கடி சொல்வார். கவனித்துப் பாருங்கள், தன் அணி ஜெயித்த அன்றைக்கு, தோற்ற அணியின் ரசிகரிடம் மட்டும்தான் சொல்வார்.

நான் ஆராய்ச்சி செய்து இதையெல்லாம் எழுதவில்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்தில், காணையில் என்னுடைய ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை தென்னரசுவின் உரக்கடை. நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். தென்னரசுவின் அணி எது என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் அவருக்காக இரக்கப்படுவதை நிறுத்திவிடுவீர்கள். அவருடைய அணி ஜெயித்த மறுநாள் உரக்கடை ஷட்டர் முழுதாக ஏறியிருக்கும். தோற்ற மறுநாள் பாதிதான் ஏறும். கரும்புக்குப் பொட்டாஷ் வாங்க வருகிற விவசாயிகள், வாழ்நாளில் ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்காதவர்கள், தூரத்திலிருந்தே அந்தப் பாதி ஷட்டரைப் பார்த்துவிட்டு, "நேத்து தோத்துட்டாங்க போலருக்கு, நாளைக்கு வரலாம் வா" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் டீக்கடை பெஞ்சில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்புப் பதினொன்றை எடுத்து, நான்கு, மூன்று, மூன்று என்று வரிசை கட்டி, ஓரத்தில் கோல்கீப்பராக ஒரு பெரிய பருப்பையும் நிறுத்தி, தன் அணியின் தவறு எங்கே இருக்கிறது என்று தென்னரசு அரைமணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த பச்சைமுத்துப் பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, லெப்ட் பேக்க துன்னுட்டீங்களே!"

"அதான் இன்னும் பத்து பேரு கீறாங்க இல்ல, வுடுப்பா."

தென்னரசு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற விஷயம். ஆனால் இந்த இனத்துக்கு வீடு உண்டு, வீட்டில் மனிதர்கள் உண்டு. அங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. தென்னரசுவுக்கு ஒரே தங்கை, மலர்விழி. திண்டிவனத்தில் குமரேசனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லாததால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த ஒரு அண்ணன்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு வளைகாப்பு நடந்தபோது, ஒரு சாயங்கால ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. அண்ணன் வளையலோடு வந்து சேர்வதற்குள் யாரோ வாங்கி வந்த வளையலைப் போட்டு, ஆரத்தியும் சுற்றிவிட்டார்கள். ஏழு வகைச் சாதத்தில் தயிர் சாதம் மட்டும்தான் பாக்கி இருந்தது. மலர்விழியின் பெரிய மாமனார் தாண்டவராயன் சபை நடுவே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொறந்த வூட்டு சீரு இன்னா, தபால்லயா வருது?"

அதற்குப் பிறகு பொங்கலுக்கு, தீபாவளிக்கு, ஆடிக்கு என்று எல்லா விசேஷத்துக்கும் அவர் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மலர்விழி அடுப்படிக்குள் போய்விடுவாள். 

இந்த ஆனி மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்கு மாற்று மடி உலகத்தில் கிடையாது.

"அண்ணா, ஞாயித்துக்கெழம காலையில ஏழரைலேர்ந்து ஒம்பது முகூர்த்தம். அன்னிக்கு ஒரு நாளு நீ எனக்கு அண்ணனா மட்டும் இரு. வேற எதுவும் வாணாம். இந்த தடவையும் என்னைத் தலகுனிய வச்சிட்டீன்னா, அப்புறம் நான் அந்த வூட்ல வாயே தொறக்க முடியாது."

நீங்களும் நானுமாக இருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்திருப்போம். தென்னரசு ஆட்ட அட்டவணையைப் பார்த்தார். உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த நேரம். ஆட்டம் நடக்கிற ஊரில் அவர்களுக்கு ராத்திரி என்றால் நமக்குப் பலகார வேளை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவருடைய அணிக்கு ஆட்டம். தோற்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டிய சுற்று.

தென்னரசு ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, மனைவி சித்ராவும் நானும் கேட்கும்படி, போனில் தங்கைக்கு வாக்குக் கொடுத்தார். "போன கையால தொட மாட்டேன் மலரு. காலையிலேர்ந்து சித்ரா பையிலயே கெடக்கட்டும்." சித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் புருஷன் போனை அவளிடம் ஒப்படைப்பது அதுதான் முதல் தடவை.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். கையால் தொடவே இல்லை.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, நானும் ஏறிக்கொள்ள, வேன் கிளம்பியது. விழுப்புரம் தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, திண்டிவனம் மண்டபத்து வாசலில் இறங்கும்வரை தென்னரசு ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்தான். இருபத்தோரு சீர்த் தட்டு, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, தங்கத் தோடு, முன்னால் பேண்டு வாத்தியம் என்று ஊர்வலம் புறப்படும் நேரத்தில் தாய்மாமனுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். "காது மூடற மாதிரி கட்டுங்க, பனியா இருக்குது" என்றார். ஆனி மாதத்தில் பனி!

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்தத் தலைப்பாகைக்குள் வலது காதில் ஒரு இயர்பட் இருந்தது. அவர் முன்கூட்டியே தயார் செய்து ஒப்படைத்திருந்த போன், சித்ராவின் கைப்பைக்குள் கிடந்தபடி, பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கே தெரியாமல், ஆட்டத்தின் வர்ணனையை அங்கே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

மேடையில் எல்லாம் அழகாகத்தான் நடந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பாப்பா மாமன் மடியில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பேண்டுக்காரர்கள் உற்சாகமாக வாசித்தபோது தென்னரசு கையைக் காட்டி, "மெதுவாப்பா, கொழந்த பயந்துக்கும்" என்றார். முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். தாண்டவராயன் மட்டும் முதல் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது தப்பு நடக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார். மலர்விழி அண்ணனைப் பார்ப்பதும் பெரிய மாமனாரைப் பார்ப்பதுமாக நின்றாள்.

மணி எட்டு இருபது. ஆசாரி முதல் காதைக் குத்தி முடித்தார். பாப்பா லேசாக முனகிவிட்டு மறுபடி பழத்தைப் பிசைய ஆரம்பித்தாள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய ஒரு நிமிடம்தான் பாக்கி. அப்போது பார்த்து நம்மவர் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. ஆசாரி இரண்டாவது காதைப் பிடித்தார். அங்கே ஒருவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். இங்கே கேசரி வந்துவிட்டதா என்று பார்த்து வர, சித்ரா கைப்பையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தாள். அங்கே அவன் ஓடி வந்தான், காலைத் தூக்கினான்.

காதில் சத்தம் நின்றுபோயிற்று.

"ஐயோ! சித்ரா! எங்க போயிட்ட! என்னால தாங்க முடியலயே!" என்று தென்னரசு அலறிய அலறலில் ஆசாரி கையை இழுத்துக்கொண்டார், பேண்டு நின்றது, தென்னரசுவின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டியது. பாப்பா அழவில்லை. மாமனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிசைந்த பழத்தில் கொஞ்சம் எடுத்து அவர் வாயில் வைத்தாள்.

மண்டபமே உருகிப்போயிற்று. தாண்டவராயன் நாற்காலியை விட்டு எழுந்தார். 

"பாத்துக்கோங்கடா! கொழந்த அழுவல, மாமன் அழுவறான்! ஊசி அதுக்குக் குத்துது, வலி இவனுக்கு! தாய்மாமன்னா இவன்தான்டா!" பிறகு மேடையேறி வந்து தென்னரசுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வளைகாப்பு விஷயத்துல நான் இன்னா பேசியிருந்தாலும் மனசுல வச்சிக்காதப்பா."

மலர்விழிக்கு மட்டும் அண்ணனைத் தெரியும். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டபோது பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் அல்லவா? குனிந்து, தலைப்பாகையைச் சரிசெய்வது போல் உள்ளே விரலைவிட்டு, இயர்பட்டை எடுத்தாள். அலறல் கேட்டு சித்ரா கைப்பையோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். மலர்விழி இயர்பட்டைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தம் திரும்ப வந்திருந்தது.

"இன்னா ஆச்சு மலரு? கோலா?"

"சொல்ல மாட்டேன். பந்தி முடியட்டும். கடைசி ஆளு கை கழுவற வரைக்கும் நின்னு பரிமாறு, சொல்றேன்."

சொல்லிவிட்டு, காதின் மேல் மல்லிகைச் சரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். தன் அண்ணனைத் தன்னிடமிருந்து இத்தனை வருடமாக இழுத்துக்கொண்டு போனது எது என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா?

அன்றைக்குத் தென்னரசு பரிமாறியது போல் எந்தத் தாய்மாமனும் பரிமாறியதில்லை. பொங்கல், வடை, கேசரி என்று வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடினார். தாண்டவராயனுக்கு அவர் கேட்காமலே நாலாவது வடை விழுந்தது. ஆனால் கண் மட்டும் தங்கையின் முகத்தை விட்டு நகரவில்லை. அவள் புருவம் ஏறினால் இவர் கரண்டி வழிந்தது, அவள் உதட்டைக் கடித்தால் இவர் வாளி நின்றது. ஒரு மணி நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருப்பதை அப்போதுதான் கவனித்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். பாவமாக இருந்தது எனக்கு.

மலர்விழியோ சித்ராவை விட்டு ஓர் அடி நகரவில்லை. "அண்ணி, என் கூடவே இருங்க, எங்கயும் போவாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனாருக்குத் தன்மேல் திடீரென்று இத்தனை பாசமா என்று சித்ரா பூரித்துப்போனாள். கைப்பை செய்த புண்ணியம் அவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்பது மணிக்குமேல், இரண்டு பேரும் வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுக்கும்போது, மலர்விழி ஒரே ஆளிடம் ஐந்து பை கொடுத்துவிட்டு ஆறாவதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் முகம் வாடியது. கண் நிறைந்தது. "அண்ணன் கெளம்பறான்னு கலங்கறா பாரு" என்றார் தாண்டவராயன்.

வேன் ஏறும் இடத்தில் அவள் அண்ணனிடம் வந்தாள்.

"அண்ணா, நாம தோத்துட்டோம்."

நாம!

"பெனால்டிய மேல அடிச்சிட்டான். அப்புறம் எக்ஸ்ட்ரா டைம் போயி, கடைசில ரெண்டு பக்கமும் ஆளுக்கு அஞ்சு பெனால்டி அடிச்சாங்க. திரும்பவும் அவனையே ஏன் அனுப்புனாங்க? மொத தடவ மேல அடிச்சவன யாராச்சும் திரும்ப அனுப்புவாங்களா?"

 தென்னரசு தங்கையின் தலையில் கையை வைத்து, "வுடு மலரு, வெறும் வெளையாட்டுதானே" என்றார். தோற்ற அன்றைக்கு அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் உரக்கடை ஷட்டர் முழுதாக ஏறியிருந்தது. "ஜெயிச்சிட்டாங்க போலருக்கு" என்று நான்கு விவசாயிகள் உள்ளே போனார்கள்.

சிரித்தீர்களா? நல்லது. நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் எதையும் ஓர் அளவோடு பார்ப்பவர். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெனால்டி என்ன ஆயிற்று என்று இத்தனை நேரம் மனது அடித்துக்கொண்டதே, ஆசாரி கையை இழுத்துக்கொண்டாரே, அந்த இரண்டாவது காது என்ன ஆயிற்று என்று ஒரு தடவையாவது நினைத்தீர்களா? பாப்பாவின் பெயரையாவது கேட்டீர்களா?

இளவரசி. இரண்டாவது காதும் நல்லபடியாகக் குத்தியாயிற்று.